வீட்டு எஸ்பிரெஸ்ஸோ பானங்களுக்குக் கலோரிக் கணக்கு: தராசு முதல் குறிப்பேடு வரை

எடையைக் குறைக்கச் சொல்லி என்னை அனுப்பி வைத்த உணவியல் ஆலோசகர், இரண்டு வாரங்களுக்கு நான் உண்பதையும் குடிப்பதையும் எழுதி வரும்படி கேட்டார். சோறு, இட்லி, குழம்பு எல்லாவற்றையும் ஓரளவு ஒழுங்காக எழுதினேன். வீட்டிலேயே இயந்திரத்தில் போட்டுக் குடிக்கும், நுரைத்த பால் சேர்த்த காப்பியான கப்புச்சினோவை மட்டும் கைப்பேசிச் செயலியில் தேடி, அதில் வந்த எண்ணைப் பதிந்தேன். ஒரு கோப்பை கப்புச்சினோவுக்கு 60 என்றும் 110 என்றும் 180 என்றும் பல பதிவுகள் அங்கே இருந்தன. நடுவில் இருந்த 110-ஐ எடுத்துக்கொண்டேன். எழுதிய கணக்கின்படி எடை குறைந்திருக்க வேண்டும், குறையவில்லை. பிறகு தராசு வாங்கி அளந்தபோது, என் கோப்பையில் நிறைகொழுப்புப் பால் 190 கிராமும், குவித்துப் போட்ட சர்க்கரை இரண்டு கரண்டியும் இருந்தன. உண்மையான கணக்கு சுமார் 235 கிலோ கலோரி. ஒரு நாளைக்கு மூன்று கோப்பை என்பதால், தினமும் ஏறத்தாழ 375 கிலோ கலோரி என் குறிப்பேட்டுக்கு வராமலே போயிருக்கிறது. இரண்டு மாத உழைப்பு அப்படி வீணாயிற்று. அதே தவறு உங்களுக்கு நேரக்கூடாது என்பதற்காக, நான் கற்ற முறையைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கு எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு சொல் விளக்கம். அன்றாடப் பேச்சில் நாம் ‘கலோரி’ என்று சொல்வது, பொட்டலங்களில் ‘கிலோ கலோரி’ என்று அச்சாகும் அதே அளவைத்தான். இந்தக் கட்டுரையில் எந்தப் பெயர் வந்தாலும் அந்த ஓர் அளவையே குறிக்கும்.

1. காப்பியைக் கணக்கிலிருந்து விட்டுவிடுங்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் காப்பித்தூளின் வகை, வறுவல், எத்தனை ஷாட் (இயந்திரம் ஒரு முறை அழுத்தி இறக்கும் செறிவான காப்பி, அதாவது எஸ்பிரெஸ்ஸோ) என்பவற்றைப் பற்றிக் கவலைப்பட்டு நேரத்தைச் செலவிடுகிறார்கள். அதற்குத் தேவை இல்லை. 18 கிராம் தூளிலிருந்து இறக்கிய 36 கிராம் எஸ்பிரெஸ்ஸோவில், அதாவது ஓர் இரட்டை ஷாட்டில் இருப்பது சுமார் 3 கிலோ கலோரி மட்டுமே. அதில் வெந்நீர் சேர்த்தால் கிடைக்கும் அமெரிக்கானோவிலும் அதே 3 தான். மோக்கா பாத்திரத்தில் இறக்கினாலும், ஏரோபிரெஸ்ஸில் அழுத்தினாலும், பித்தளை ஃபில்டரில் சொட்டவிட்டாலும், பாலும் சர்க்கரையும் சேராத டிகாக்‌ஷனின் கணக்கு ஒற்றை இலக்கத்தைத் தாண்டுவது அரிது. இரட்டை ஷாட் ஒவ்வொன்றுக்கும் 3 என்று நிரந்தரமாக எழுதிக்கொண்டு அடுத்த வேலைக்குச் செல்லுங்கள்.

கலோரி முழுவதும் பாலிலும், இனிப்பிலும், மேலே சேர்க்கும் சாக்லேட், க்ரீம் போன்றவற்றிலும்தான் இருக்கிறது. ஆகவே கப்புச்சினோ, லாட்டே, ஃபிளாட் ஒயிட் என்னும் பெயர்கள் கணக்குக்கு உதவுவதில்லை. ஒருவர் வீட்டில் கப்புச்சினோ என்று குடிப்பதில் இருக்கும் பாலைவிட, இன்னொருவர் வீட்டு லாட்டேயில் பால் குறைவாக இருக்கலாம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எந்தப் பால், எத்தனை கிராம்?

2. வாங்க வேண்டியவையும் செலவும்

ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் சமையலறைத் தராசு போதுமானது. நான் வாங்கியது ₹450. காப்பித்தூளை அளப்பதற்காக 0.1 கிராம் வரை காட்டும் சிறு தராசு ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் அதையே பயன்படுத்தலாம். ஆனால் அது எவ்வளவு எடை வரை தாங்கும் என்று முதலில் பாருங்கள். சில சிறு தராசுகள் 500 கிராம் வரையே காட்டும். எவர்சில்வர் பால் ஜக்கை வைத்துப் பால் ஊற்றினால் அந்த எல்லையைத் தொட்டுவிடும்.

தராசு வாங்கும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. பாத்திரத்தின் எடையைக் கழித்துப் பூஜ்யத்தைக் காட்டும் ‘டேர்’ பொத்தான் கட்டாயம் இருக்க வேண்டும். அடுத்து, தானாக அணைந்துவிடும் நேரம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்தில் அணையும் தராசில் ஜக்கை வைத்துவிட்டு ஷாட் இறக்கப் போனால், திரும்பி வரும்போது எண் மறைந்திருக்கும். இவற்றைத் தவிர ஒரு குறிப்பேடும் பேனாவும் வேண்டும். வேறு செலவு எதுவும் இல்லை.

நேரத்தைப் பொறுத்தவரை, முதல் நாள் அளவுகள் எடுக்க முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். விடுமுறை நாள் காலை அதற்கு ஏற்றது. அதன் பிறகு ஒரு கோப்பைக்குப் பதினைந்து விநாடிக்கு மேல் ஆகாது.

3. தராசைச் சோதித்துப் பாருங்கள்

புதுத் தராசு சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி நேரே வேலையில் இறங்காதீர்கள். பத்து ரூபாய் நாணயம் ஒன்றின் எடை ஏறத்தாழ 7.7 கிராம். பத்து நாணயங்களை ஒன்றாக வைத்தால் 77 கிராமை ஒட்டிக் காட்ட வேண்டும். ஒரு கிராம் கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை, 70 அல்லது 84 என்று காட்டினால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

விலை குறைந்த தராசுகளுக்கு இன்னொரு குறை உண்டு. மெல்லிய தாரையாகப் பாலை ஊற்றினால், சிறு சிறு மாற்றங்களை அவை எடையாகப் பதிவு செய்யாமல் விட்டுவிடும். ஊற்றி முடித்ததும் ஜக்கைத் தூக்கி மீண்டும் வையுங்கள்; இரண்டாவது முறை காட்டும் எண்ணே நம்பத்தக்கது. சூடான பாத்திரத்தை நேரடியாகத் தட்டின் மேல் வைக்காமல், அடியில் மடித்த துணியை வைத்து டேர் செய்துவிட்டு அளப்பது தராசுக்கும் நல்லது.

4. பால் கவரைப் படியுங்கள்

இந்தக் கணக்கின் அடித்தளமே பால் என்பதால், இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படிக்கும்படி வேண்டுகிறேன்.

பலரும் கவரின் நிறத்தை வைத்துப் பாலை அடையாளம் காண்கிறார்கள். ஒரே நிறுவனத்தின் பாலை வாழ்நாள் முழுவதும் வாங்குகிறவர்களுக்கு அது சரிப்படலாம். ஆனால் நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கவரில் அச்சாகியிருக்கும் இரண்டு எண்களையே பாருங்கள்: ஒன்று கொழுப்பு விழுக்காடு, மற்றொன்று எஸ்.என்.எஃப் எனப்படும், கொழுப்பு நீங்கலான திடச் சத்தின் விழுக்காடு. இந்திய உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் வரையறைப்படி, குறைந்த அளவாக டோன்டு பாலில் கொழுப்பு 3%, எஸ்.என்.எஃப் 8.5%, டபுள் டோன்டு பாலில் 1.5%, 9%, நிலைப்படுத்திய பாலில் 4.5%, 8.5%, நிறைகொழுப்புப் பாலில் 6%, 9% இருக்க வேண்டும்.

பல கவர்களில் 100 மில்லிக்கு எத்தனை கிலோ கலோரி என்பது அச்சிடப்பட்டிருக்கும். இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். மடிப்பில் மறைந்தோ மை அழிந்தோ படிக்க முடியாமல் இருந்தால், கீழ்க்கண்ட வழியில் நீங்களே கணக்கிடலாம். கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கிலோ கலோரி. புரதமும் பால் சர்க்கரையும் ஒரு கிராமுக்கு 4. எஸ்.என்.எஃப் என்பது பெரும்பாலும் அவ்விரண்டுமே. அதில் சுமார் 0.7 மட்டும் கலோரி தராத தாது உப்பு. எனவே கொழுப்பு விழுக்காட்டை 9-ஆல் பெருக்கி, எஸ்.என்.எஃப்-இல் 0.7-ஐக் கழித்து வருவதை 4-ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டினால் 100 கிராம் பாலின் கணக்கு கிடைத்துவிடும்.

டோன்டு பாலை எடுத்துக்கொண்டால், 3-ஐ 9-ஆல் பெருக்க 27, 8.5-இல் 0.7 போக 7.8, அதை 4-ஆல் பெருக்க 31, மொத்தம் 58. இதே முறையில் டபுள் டோன்டு பால் 47, நிலைப்படுத்திய பால் 72, நிறைகொழுப்புப் பால் 87 என்று வரும். ஆடை நீக்கிய பால் கிடைத்தால் அது 36-ஐ ஒட்டி இருக்கும்.

கவரில் அடைக்காத கறவைப் பால் வாங்குகிறவர்களுக்கு இந்த எண்கள் பொருந்தா. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையின்படி, 100 கிராம் பசும்பால் சுமார் 73 கிலோ கலோரி, எருமைப்பால் சுமார் 107. அந்த அட்டவணையை நீங்களே எடுத்துப் பார்த்தால் 305, 449 என்று பெரிய எண்கள் இருப்பதைக் கண்டு திகைக்க வேண்டாம். அவை கிலோ ஜூல் என்னும் வேறோர் அலகில் கொடுக்கப்பட்டவை. எந்தக் கிலோ ஜூல் எண்ணையும் 4.184-ஆல் வகுத்தால் கிலோ கலோரி கிடைக்கும். வெளிநாட்டுப் பொட்டலங்களிலும் இவ்விரண்டு அளவுகளும் அடுத்தடுத்து அச்சாகியிருப்பதால், அவசரத்தில் தவறான எண்ணைப் பதிந்துவிடும் வாய்ப்பு அதிகம்.

மில்லியும் கிராமும் ஒன்றல்ல. 100 மில்லி பால் 103 கிராம் இருக்கும். ஒரு கோப்பைக்கு இந்த வேறுபாடு இரண்டு மூன்று கலோரிதான் என்பதால், இதற்காக மனம் வருந்த வேண்டியதில்லை. நான் எல்லாவற்றையும் கிராமிலேயே எழுதுகிறேன்.

5. காய்ச்சிய பாலைக் காய்ச்சாத பாலாக எண்ணாதீர்கள்

இயந்திரத்துடன் வரும் வழிகாட்டிகள், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பாலை அப்படியே ஜக்கில் ஊற்றுவதாக வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. நம் வீடுகளில் காலையில் கவரைப் பிரித்ததும் காய்ச்சிவிடுகிறோம். சிலர் தண்ணீரும் சேர்க்கிறார்கள். ஆறியதும் ஆடையை எடுத்து வைக்கிறார்கள். இவை ஒவ்வொன்றும் கணக்கை மாற்றும்.

அரை லிட்டர் டோன்டு பாலின் எடை சுமார் 515 கிராம். அதில் மொத்தம் 299 கிலோ கலோரி இருக்கிறது. காய்ச்சும்போது நீர் ஆவியாகிப் போகுமே தவிர கலோரி ஆவியாகாது. எங்கள் வீட்டில் காய்ச்சி இறக்கியதும் பாத்திரத்தைக் கழித்து எடை போட்டபோது 468 கிராம் இருந்தது. 299-ஐ 468-ஆல் வகுத்தால், 100 கிராமுக்கு 58-ஆக இருந்தது 64 ஆகிவிட்டது தெரியும். மாறாக, நூறு மில்லி தண்ணீர் சேர்த்துக் காய்ச்சியதில் 560 கிராம் கிடைத்த ஒரு நாளில் அதே பால் 53 ஆயிற்று.

இதைத் தினமும் செய்யத் தேவை இல்லை. வழக்கமாகக் காய்ச்சும் அதே பாத்திரத்தில், வழக்கமான தீயில், மூன்று நாட்கள் தொடர்ந்து காய்ச்சி எடை போட்டு, அந்த மூன்றின் சராசரியை உங்கள் வீட்டுப் பாலின் எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். காலிப் பாத்திரத்தின் எடையை முன்கூட்டியே அளந்து குறித்து வைப்பதுதான் இதில் பலரும் மறந்துவிடும் வேலை; பால் நிரம்பிய பிறகு அதை அறிய வழி இல்லை.

ஆடை விஷயத்தில் என் கருத்தை உறுதியாகச் சொல்கிறேன்: ஆடையை எடுத்துவிட்டேன் என்பதற்காகக் கணக்கில் எதையும் கழிக்காதீர்கள். எடுத்த ஆடையில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு நீர் என்பது நாளுக்கு நாள் மாறும். வீட்டில் அளக்க வழி இல்லை. மேலும் கடைகளுக்கு வரும் கவர் பால் பெரும்பாலும் கொழுப்புத் துகளை உடைத்துக் கலந்தது என்பதால், மேலே திரண்டு வருவது கொழுப்பின் ஒரு பகுதியே. குறைவான கொழுப்பு வேண்டும் என்றால், டபுள் டோன்டு பாலை வாங்குவதே ஐயத்துக்கு இடம் தராத வழி.

6. நுரைக்கும் முன் எடை போடுங்கள்

கணக்கு தவறும் முக்கியமான இடம் இதுதான். நுரைத்த பாலை அளவுக் கோப்பையில் ஊற்றிப் பார்த்து ‘இருநூறு மில்லி’ என்று எழுதினால், அதில் எவ்வளவு காற்று என்பது தெரியாது. நுரை அதிகமான கப்புச்சினோவில் கோப்பை நிறைந்திருந்தாலும் பால் குறைவு. நுரை குறைந்த லாட்டேயில் அதே கோப்பைக்குப் பால் அதிகம்.

அப்படியானால் நுரைத்த பிறகு தராசில் வைக்கலாமே என்று நானும் எண்ணினேன். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. இயந்திரத்தின் நீராவிக் குழாய் பாலைச் சூடாக்கும்போது, நீராவி குளிர்ந்து நீராகிப் பாலிலேயே கலந்துவிடுகிறது. நான் 150 கிராம் பாலை நுரைத்து மீண்டும் எடை போட்டபோது 166 கிராம் இருந்தது. கூடிய 16 கிராமும் வெறும் நீர். இயந்திரத்தை விட்டு, பாலை அடுப்பில் சூடாக்கிக் கைமத்தால் நுரைக்கிறவர்களுக்கு இந்த நீர் சேராது.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: காலி ஜக்கைத் தராசில் வையுங்கள், டேரை அழுத்துங்கள், குளிர்ந்த பாலை ஊற்றுங்கள், எண்ணைக் குறியுங்கள், அதன் பிறகே நீராவியைத் திறங்கள். கோப்பையில் ஊற்றியபின் ஜக்கின் அடியில் பால் தங்கினால், அதையும் எடை போட்டுக் கழிக்க வேண்டும். 20 கிராம் தங்கினால் 11 கலோரி அளவே என்றாலும், தினமும் அவ்வளவு தங்குகிறது என்றால் அடுத்த நாள் முதல் குறைத்து ஊற்றிக்கொள்ளலாம். கணக்கும் எளிதாகும், பாலும் வீணாகாது.

7. ஒரே ஜக்கில் வீட்டுக்கே நுரைக்கும்போது

தனியாக வாழ்கிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லலாம். நான்கு பேருக்கும் சேர்த்து நுரைத்து ஊற்றும் வீடுகளில், உங்கள் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்தறிய ஒரு விகிதக் கணக்கு வேண்டும்.

ஜக்கில் ஊற்றிய குளிர்ந்த பால் 400 கிராம், நுரைத்தபின் 438 கிராம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கோப்பையை ஷாட்டுடன் தராசில் வைத்து டேர் செய்து, நுரைத்த பாலை ஊற்றும்போது 120 கிராம் காட்டினால், 120-ஐ 400-ஆல் பெருக்கி 438-ஆல் வகுக்க வேண்டும். விடை 110 கிராம். அதுவே நீங்கள் உண்மையில் குடிக்கும் பால்.

இதில் கவனிக்க வேண்டியது, ஜக்கிலேயே சர்க்கரையைக் கலந்துவிடும் பழக்கம். அப்படிச் செய்தால் சர்க்கரையையும் இதே விகிதத்தில் பிரிக்க வேண்டி வரும். ஊற்றும் வரிசையைப் பொறுத்து அடியில் தங்கும் இனிப்பு கடைசிக் கோப்பைக்குக் கூடுதலாகப் போகும். அவரவர் கோப்பையில் அவரவர் சர்க்கரை என்று வீட்டில் ஒரு முறை பேசி முடிவு செய்துகொள்வது நல்லது. நீரிழிவு உள்ளவர் ஒருவர் வீட்டில் இருந்தால் இது கலோரிக் கணக்கைத் தாண்டியும் அவசியமாகிறது. அவர்கள் பாலில் உள்ள பால் சர்க்கரையையும் எழுத வேண்டும். அது 100 கிராமுக்கு 5 கிராமுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்.

8. சர்க்கரையும் கரண்டியும்

சர்க்கரை ஒரு கிராமுக்கு 4 கிலோ கலோரி. இதில் குழப்பம் இல்லை. குழப்பம் எல்லாம் கரண்டியில்தான். ஒரு கிராம் மட்டுமே காட்டும் தராசில் ஒரு கரண்டிச் சர்க்கரையைப் போட்டால் பிழை பெரிதாக வரும் என்பதால், பத்துக் கரண்டிகளைப் போட்டுப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுத் தேக்கரண்டியில் விளிம்போடு தட்டி எடுத்த பத்துக் கரண்டி 46 கிராம். குவித்து எடுத்த பத்துக் கரண்டி 83 கிராம். ஒரு கோப்பைக்கு இரண்டு கரண்டி, நாளைக்கு மூன்று கோப்பை என்றால், தட்டி எடுப்பதற்கும் குவித்து எடுப்பதற்கும் இடையே ஒரு நாளில் 22 கிராம் சர்க்கரை, அதாவது 89 கலோரி வேறுபடுகிறது. கரண்டியை மாற்றினால் மீண்டும் அளக்க வேண்டும். எனவே காப்பிக்கென்று ஒரே கரண்டியைச் சர்க்கரை டப்பாவிலேயே போட்டு வைத்துவிட்டேன்.

நாட்டுச் சர்க்கரைக்கும் வெல்லத்துக்கும் மாறினால் கலோரி குறையும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அவையும் கிராமுக்கு 4-ஐ ஒட்டியே இருக்கின்றன. தேன் கிராமுக்குச் சுமார் 3. ஆனால் அது கனமானது, ஒரு மேசைக்கரண்டித் தேன் 21 கிராம் இருக்கும், அதாவது 64 கலோரி. இனிப்பூட்டும் மாத்திரைகளைப் பயன்படுத்துகிறவர்கள் பூஜ்யம் என்று எழுதலாம். பொடியாக வரும் சிறு பைகளில் பருமனுக்காக வேறு மாவுச்சத்து சேர்க்கப்பட்டிருக்கலாம் என்பதால், ஒரு கிராம் பைக்கு அதிகபட்சம் 4 என்று எழுதுவது பாதுகாப்பானது.

9. சிரப், சாக்லேட், க்ரீம்

சிரப்பை அளக்க ஓர் எளிய வழி உண்டு. புட்டியைத் தராசில் வைத்து டேர் செய்யுங்கள். வேண்டிய அளவு கோப்பையில் ஊற்றிவிட்டுப் புட்டியை மீண்டும் தராசில் வையுங்கள். கழித்தல் குறியுடன் காட்டும் எண்ணே நீங்கள் ஊற்றியது. தேன், சாக்லேட் சாறு, கன்டென்ஸ்டு மில்க் என்று ஒட்டிக்கொள்ளும் பொருள் எல்லாவற்றுக்கும் இதே முறை பொருந்தும்.

வீட்டில் காய்ச்சும் வெனிலா சிரப்புக்கு நீங்களே கணக்கிட வேண்டும். 100 கிராம் சர்க்கரையை 100 கிராம் நீரில் கரைத்துக் காய்ச்சி இறக்கும்போது 180 கிராம் இருந்தால், 400-ஐ 180-ஆல் வகுக்க, கிராமுக்கு 2.2 கிலோ கலோரி. அந்த எண்ணைப் புட்டியின் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

கன்டென்ஸ்டு மில்க் 100 கிராமுக்கு 320-ஐ ஒட்டி இருக்கும். டார்க் சாக்லேட் பெரும்பாலும் 550 முதல் 600 வரை. சாக்லேட் கலந்த மோக்கா பானத்துக்கு 20 கிராம் உருக்கினால் அது மட்டுமே 110-ஐத் தாண்டும். மேலே தூவும் இனிப்பில்லாக் கோகோத் தூள் ஒரு கிராம் கூட இருக்காது, விட்டுவிடலாம். 25% கொழுப்புள்ள க்ரீம் 30 கிராம் சேர்த்தால் 70-க்கு மேல் போகும். ஐஸ்கிரீமின் மேல் எஸ்பிரெஸ்ஸோ ஊற்றும் அஃபொகாட்டோவைச் செய்கிறவர்கள் ஐஸ்கிரீமை மில்லியில் எழுதிவிடாதீர்கள். ஐஸ்கிரீமில் காற்று கலந்திருப்பதால் 100 மில்லியின் எடை பாதியளவுக்கு இறங்கிவிடலாம், பொட்டலத்திலோ கலோரி 100 கிராமுக்கு அச்சாகியிருக்கும். கட்டியைக் கோப்பையில் போட்டு எடை போடுவதே வழி.

இறக்குமதி செய்யப்பட்ட ‘பூஜ்யக் கலோரி’ சிரப்புகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அமெரிக்க விதிகளின்படி, ஒரு பரிமாறலுக்கு 5 கலோரிக்குக் குறைவாக இருந்தால் பூஜ்யம் என்று அச்சிட அனுமதி உண்டு. பொட்டலத்தில் ‘ஒரு பரிமாறல்’ என்பது எத்தனை மில்லி என்று பாருங்கள். நீங்கள் அதைப்போல் நான்கு மடங்கு ஊற்றுகிறவராக இருந்தால் பூஜ்யம் பூஜ்யமாக இருக்காது.

10. தாவரப் பால், பால் பொடி

பாதாம், சோயா, ஓட்ஸ் பால் வகைகளுக்குப் பொதுவான எண் சொல்வது தவறாகிவிடும். இனிப்புச் சேர்க்காத பாதாம் பால் 100 மில்லிக்கு 15 அளவில் இருக்க, நுரைப்பதற்கென்றே எண்ணெய் சேர்த்துச் செய்யப்படும் ஓட்ஸ் பால் டோன்டு பாலுக்கு இணையாக 60-ஐத் தொடும். ஒவ்வொரு பொட்டலத்தையும் படியுங்கள். முன்பக்கத்தில் ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்றிருந்தாலும், பின்பக்க அட்டவணையில் மொத்தச் சர்க்கரை என்ற வரியையும் பாருங்கள். லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரையைச் சிதைத்து ‘லாக்டோஸ் இல்லாதது’ என்று விற்கும் பால் நாவுக்கு இனிப்பாக இருந்தாலும், அதே கொழுப்புள்ள சாதாரணப் பாலின் கலோரியேதான்.

கொழுப்பு நீக்கிய பால் பொடி 10 கிராமுக்கு 36 அளவில் வரும். காப்பிக்கு வெண்மை தரும் பொடிகளில் சர்க்கரை கலந்திருப்பது வழக்கம்; அவற்றை வெறும் பால் பொடியாகக் கணக்கிட வேண்டாம்.

11. உங்கள் பானங்களுக்கு ஓர் அட்டை

அளவுகள் கையில் வந்ததும், நீங்கள் வழக்கமாகக் குடிக்கும் மூன்று நான்கு பானங்களுக்கு மட்டும் ஓர் அட்டை எழுதி, இயந்திரத்துக்கு அருகில் ஒட்டுங்கள். என் அட்டையில் இருப்பவை, காய்ச்சாத டோன்டு பாலுக்கு:

கப்புச்சினோ: பால் 120 கிராம் 70, தட்டிய கரண்டிச் சர்க்கரை ஒன்று 18, ஷாட் 3; மொத்தம் 91.

ஃபிளாட் ஒயிட், சர்க்கரை இல்லாமல்: பால் 130 கிராம் 75, ஷாட் 3; மொத்தம் 78.

லாட்டே, சர்க்கரை இல்லாமல்: பால் 200 கிராம் 116, ஷாட் 3, மொத்தம் 119. இதையே நிறைகொழுப்புப் பாலில் போட்டால் 177.

மோக்கா: பால் 150 கிராம் 87, டார்க் சாக்லேட் 20 கிராம் 112, சர்க்கரை ஒரு கரண்டி 18, ஷாட் 3, மொத்தம் 220.

இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கோப்பையும் பாலும் வேறு. நான் மோக்காவை வாரத்துக்கு ஒரு நாளாகக் குறைத்தது இந்த அட்டையை எழுதிய அன்றுதான்; பெயர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, 78-உம் 220-உம் அடுத்தடுத்து நின்றபோது முடிவெடுப்பது எளிதாக இருந்தது.

12. செயலியில் பதியும்போது

தேடிக் கிடைக்கும் ஆயத்தப் பதிவுகளை எடுக்காதீர்கள். அவற்றில் பல, யாரோ ஒருவர் தம் கோப்பைக்கு எழுதியவை. சில, கடைகளில் கொடுக்கும் பெரிய கோப்பைக்கு உரியவை. பெரும்பாலான செயலிகளில் ‘என் உணவுகள்’ அல்லது ‘என் சமையல் குறிப்புகள்’ என்ற பகுதி இருக்கும். அதில் பாலையும் சர்க்கரையையும் தனித்தனிப் பொருளாக, 100 கிராமுக்கான உங்கள் எண்களோடு ஒரு முறை பதிந்துவிட்டால், பிறகு கிராம் மட்டும் மாற்றினால் போதும்.

பால் கவர், சிரப் புட்டி, சாக்லேட் உறை ஆகியவற்றின் பின்பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து ஒரே தொகுப்பில் வையுங்கள். கவர் குப்பைக்குப் போன பிறகு ஐயம் வந்தால் பார்ப்பதற்கு வேறு ஆதாரம் இருக்காது. உணவியல் ஆலோசகரிடம் செல்லும்போது இந்தப் படங்களையும் அட்டையையும் கையோடு கொண்டு சென்றதில், எனக்கு விளக்கிச் சொல்லும் வேலை பாதியாகக் குறைந்தது.

பதிவு செய்யும் நேரம், குடித்து முடித்த பிறகு அல்ல, பாலை ஊற்றும்போது. மாலையில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதிய நாட்களில் மூன்றாவது கோப்பையை நான் பலமுறை விட்டிருக்கிறேன்.

13. முதல் இரண்டு வாரமும் அதன் பிறகும்

முதல் பதினான்கு நாட்கள் ஒவ்வொரு கோப்பையையும் எடை போடுங்கள். அதற்குள் ஜக்கில் எந்த மட்டம் வரை ஊற்றினால் 120 கிராம் என்பது கைக்குப் பழகிவிடும். பத்து விழுக்காடு வரை ஏறி இறங்கினால் கவலை வேண்டாம். பாலின் தன்மையே நாளுக்கு நாள் அவ்வளவு துல்லியமாக இருப்பதில்லை. 91 என்பதற்குப் பதில் 95 என்று எழுதினால் எதுவும் கெட்டுவிடாது. 91 என்பதற்குப் பதில் 235 குடித்துக்கொண்டிருக்கக் கூடாது, அவ்வளவே.

அதன் பிறகு மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு கோப்பையை அளந்து அட்டையோடு ஒப்பிடுகிறேன். இரண்டாவது மாதம் அளந்தபோது 120 கிராம் என்று நினைத்து ஊற்றியது 141 ஆக இருந்தது. கை தானாகவே தாராளமாகிவிடுகிறது. இதைத் தவிர, பால் நிறுவனம் மாறும்போதும், கடையில் வழக்கமான பால் தீர்ந்து வேறு கவர் வாங்கி வரும்போதும், கோப்பையோ சர்க்கரைக் கரண்டியோ உடைந்து தொலைந்து புதிது வரும்போதும், அன்றைக்கே மறுபடி அளந்து அட்டையில் பழைய எண்ணை அடித்துத் தேதியோடு புதியதை எழுதுங்கள்.